நல்ல பெயர் காக்குமா?

அரபு மொழியில் பாலைவனத்தைக் குறிக்கும் சொற்களுள் ‘மஃபாஸா’ என்பதும் ஒன்று. ‘வெற்றி பெறும் இடம், தப்பிப் பிழைக்கும் இடம்’ என்பது அதன் பொருள். நீரின்றி மனிதர் மடிகின்ற நிலத்துக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? பாம்பு தீண்டியவரையும் அரபியர் ‘ஸலீம்’, அதாவது ‘நலமுடையவர்’ என்றே அழைத்தனர். அபாயத்தை அதன் பெயரால் அழைக்க அஞ்சி, நன்னிமித்தமாக நல்ல பெயரைச் சூட்டினர் என்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். தமிழும் இதற்கு விலக்கன்று. உயிர் கொல்லும் நச்சரவை ‘நல்ல பாம்பு’ என்கிறோம். இருட்டிய பின் அப்பெயரையும் சொல்லக் கூசி, ‘பூச்சி’ என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் உண்டு.

மொழியின் இந்த மென்மையை மாணவர்க்குச் சுவையாக எடுத்துரைப்பது என் வழக்கம். ஆயினும், பெயர் இனிதாயிற்று என்பதற்காகப் பாலை நீர் சுரப்பதில்லை, நஞ்சு இறங்குவதுமில்லை.

ஈராண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் தந்தையர் இருவர் ஒரு படிவத்துடன் என்னிடம் வந்தனர். அவர்தம் பிள்ளைகள் பயிலும் பள்ளி மார்ச் மாதத்தில் மூன்று நாள் மலை முகாம் நடத்த இருந்தது. ‘இயற்கையின் மடியில் இன்ப உலா’ என்று தலைப்பு. அடியில் சிறிய எழுத்தில், எது நேரினும் பள்ளி பொறுப்பன்று என்று ஒரு வரி.

“ஹஜ்ரத், ஒப்பமிடலாமா?” என்றார் ஒருவர்.

“எல்லாம் விதிப்படிதானே நடக்கும்?” என்றார் மற்றவர்.

“விதியை நம்புவது வேறு, படிக்காமல் ஒப்பமிடுவது வேறு. நாம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பின்னரே தவக்குல் என்னும் சொல்லுக்கு இடமுண்டு” என்றேன்.

மார்ச் மாதம் என்பதே என்னை உறுத்தியது. 2018 ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் மலைச் சரிவின் புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். தீச்சுடர் தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்குவதால், சமவெளியைக் காட்டிலும் சரிவில் அது விரைந்து ஏறும். மேல்நோக்கி ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்கும். அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்திலும், தீப் பருவத்தில் வழிகளை மூடிவைத்தனர். எப்போது போகக்கூடாது என்று அறிவதே பாதுகாப்பின் முதற்பாடம்.

அடுத்தது முதலுதவி. ஊருக்குள் 108 ஐ அழைத்தால் வண்டி வரும். மலையிலோ தொலைபேசி பேசாது. மருத்துவமனை பல மணி நேரத் தொலைவு. ஆகவே அங்கே உடன் செல்பவரின் அறிவே மருந்து. உதவ ஓடுமுன் அவ்விடம் தமக்குப் பாதுகாப்பானதா என்று அவர் பார்த்தல் வேண்டும். மூழ்குபவனைக் காக்கக் குதித்து, தாமும் மூழ்கியோர் எத்தனை பேர்! தீப்புண்ணில் பற்பசையும் மையும் பூசாது, குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்றித் தூய துணியால் மூட வேண்டும்.

பாம்புக்கடியால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என 2020 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே விளைக்கும். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாவண்ணம் குச்சி வைத்துக் கட்டி, அவரை நடக்க விடாது தூக்கிச் செல்ல வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலும் போகலாம். வலியில்லை என்று காத்திருத்தல் ஆகாது. நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனையே புகலிடம்.

இவற்றையெல்லாம் எண்ணி, பள்ளிக்குச் சில வினாக்களை எழுதித் தந்தேன். வனத்துறையின் அனுமதி உண்டா? வழியறிந்தவர் யார்? முதலுதவி பயின்றவர் எத்தனை பேர்? இழுப்பு நோயும் ஒவ்வாமையும் உள்ள பிள்ளைகளின் பட்டியலும் மருந்தும் யார் கையில்? எந்த நேரத்துக்குள் திரும்பாவிடில், அடிவாரத்தில் இருப்பவர் தேடத் தொடங்குவார்? நச்சுமுறி மருந்து எந்த மருத்துவமனையில் கிடைக்கும்?

பத்து நாள் மறுமொழி இல்லை. “பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுத்துவிட்டீர்களே!” என்று சிலர் மனம் வருந்தினர், எனினும் தந்தையர் இருவரும் ஒப்பமிடவில்லை. பின்னர் பள்ளியார் முகாமை அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவைத்து, ஆசிரியர் இருவரை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினர். வினாக்களுக்கும் எழுத்தில் விடை வந்தது. அவ்வாறே முகாமும் நடந்தது.

பிள்ளைகளை வீட்டினுள் பூட்டிவைக்க நான் சொல்லவில்லை. மலையும் ஓடையும் கற்பிப்பதை என் வகுப்பறை கற்பிக்க இயலாது. அவர்கள் போகட்டும், ஆனால் நம் அமானிதமாகிய அவர்களை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று கேட்டறிந்த பின்னரே போகட்டும். கேட்பது அவநம்பிக்கையன்று, பெற்றவர் கடமை. விடை எழுத்தில் வரும் வரை, நம் பேனா மூடியே இருக்கட்டும்.