தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு

எங்கள் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு ஒன்றுதான். அது குளியலறைக் கதவு. படுக்கையறைக்கும் கதவு உண்டு. ஆனால் பீரோவை அதன் பின்னால் வைத்த நாளிலிருந்து அது முக்கால்வாசிக்கு மேல் நகர்ந்ததில்லை. இந்தச் சாதாரண விஷயம் என் மூளையில் ஏற இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

சென்னை கலைஞர் கருணாநிதி நகரில், எழுபதுகளில் வீட்டு வசதி வாரியம் கட்டிய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடியில் 1992-இல் குடியேறினோம். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, குளியலறை, துணி உலர்த்த மட்டுமே பயன்படும் ஒரு பால்கனி. மொத்தம் 380 சதுர அடி. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. மிதிவண்டியில் போய்விடலாம் என்பதால் அந்த வீடு பிடித்துப்போயிற்று. திருமணமான புதிதில் இருவருக்கு அது தாராளமாகவே இருந்தது. 1993-இல் பெரிய மகள், 1995-இல் மகன், 1999-இல் சின்ன மகள்.

மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கிறது என்ற செய்தியை நாங்கள் கிட்டத்தட்ட ஒரு குற்றத்தைப் போல மறைத்து வைத்திருந்தோம். அரசாங்கச் சுவர்களில் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகமும் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்ற அளவைத் தமிழகம் தொண்ணூறுகளிலேயே எட்டிவிட்டிருந்தது. என் பாட்டி ஒன்பது பெற்றவள். என் அம்மா ஐந்து. அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. மூன்றாவதற்காக என்னை அலுவலகத்தில் கேட்டார்கள். “ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு, அப்புறம் எதுக்கு சார்?” என்றார் பக்கத்து மேசைக்காரர். பதில் சொல்லவில்லை. வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அதற்கு மேல் ஒரு காரணம் இன்றுவரை எங்களிடம் இல்லை.

சிறிய வீட்டில் குழந்தைகளை வளர்ப்பது என்பது பகலில் பெரிய சிரமமில்லை. பகலில் பள்ளிக்கூடம் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில் சிவன் பூங்கா இருக்கிறது. சிரமமெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். கூடத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். யார் எங்கே படுப்பது என்பதற்கு எழுதப்படாத ஒரு சாசனம் இருந்தது. சின்னவள் சுவரோரம், ஏனென்றால் உருளுவாள். மகன் வாசற்கதவை ஒட்டி, ஏனென்றால் இடி விழுந்தாலும் எழமாட்டான். பெரியவள் வயதுக்கு வந்த பிறகு அவளும் அவள் அம்மாவும் சின்னவளும் அறைக்குள், நானும் மகனும் கூடத்தில். ஊரிலிருந்து என் மாமியார் வந்துவிட்டால் சாசனம் திருத்தப்படும். நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் யாருடைய காலையாவது மிதிக்காமல் சமையலறையை அடைய முடியாது. இருட்டில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்பது என் பாதங்களுக்கே தெரியும்.

2004 கோடையை இங்கே சொல்ல வேண்டும். ஏரிகள் வறண்டு, குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோன காலம். தெருமுனையில் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி. அதை நிரப்ப லாரி வரும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. புதிய வீராணம் திட்டத்தின் தண்ணீர் நகரத்துக்கு வந்து சேரும்வரை இதுதான் வாழ்க்கை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை குடம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, இரண்டு நீல நிற டிரம்களும் பதினோரு பிளாஸ்டிக் குடங்களும் வாங்கினோம். அவற்றை வைக்க இடம்? கூடத்தின் ஒரு மூலையில் என் மனைவியின் தையல் இயந்திரம் இருந்தது. அவள் ரவிக்கை தைக்காத நேரத்தில் அதன் மூடியைப் போட்டு, அதையே மேசையாக்கிப் பெரியவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த மூலைக்கு டிரம்கள் வந்தன. தையல் இயந்திரம் அறைக்குள், கட்டிலின் ஓரத்துக்குப் போயிற்று. அதன் முன்னே உட்கார இடமில்லை. பதினொரு வயதுப் பெண் ஒன்றும் சொல்லாமல் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் துணிகளுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் வந்த பிறகும் டிரம்கள் அங்கேயே தங்கிவிட்டன. மறுபடி வறட்சி வந்தால்?

அந்த அறையில் இன்னொரு பொருளும் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கூரைவரை, ஐந்தடி அகலத்தில் ஓர் இரும்பு ரேக். முழுக்க என் புத்தகங்கள். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் பேரம் பேசி வாங்கியவை, புத்தகக் கண்காட்சி காயிதே மில்லத் கல்லூரி வளாகத்தில் நடந்த காலத்தில் போனஸ் பணத்தில் வாங்கியவை, ‘கணையாழி’, ‘சுபமங்களா’ இதழ்களை ஆண்டுவாரியாக பைண்டு செய்த தொகுப்புகள். ரேக்குக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு விளக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அது என் ராஜ்ஜியம். அப்பா படிக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று என் மனைவி குழந்தைகளை அதட்டுவாள். இதைப் படிக்கும் நண்பர்களில் பலரது வீட்டிலும் இப்படி ஒரு மூலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

2004-இல் டிரம்களுக்கு இடம் தேடியபோது அந்த ரேக்கை நகர்த்தலாம் என்று யாருமே சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அது அங்கே சுவரைப் போல இருந்தது. சுவரை யாராவது நகர்த்துவார்களா?

2011-இல் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மகனுக்குப் பத்தாம் வகுப்பு, இரண்டும் பொதுத்தேர்வு. போதாததற்கு உலகக்கோப்பை கிரிக்கெட். எங்கள் தொலைக்காட்சியின் இணைப்பை நான் துண்டித்துவிட்டேன். பயனில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எங்கள் கூடத்துச் சுவரிலேயே மாட்டப்பட்டிருந்தது போலத்தான் கேட்கும். மார்ச் 30, இந்தியா – பாகிஸ்தான் அரையிறுதி. கையில் அறிவியல் புத்தகத்தோடு மகன் சுவரில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்த காட்சி நினைவிருக்கிறது. விக்கெட் விழுந்தால் பக்கத்து வீட்டில் எழும் சத்தத்தின் அளவை வைத்தே அவுட்டானது யார் என்று சொல்லிவிடுவான்.

மகள் அந்த ஆண்டு முழுக்கப் படிக்கட்டில் படித்தாள். எங்கள் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே படி திரும்பும் இடத்தில் ஒரு பொது விளக்கு உண்டு. இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு அங்கே உட்கார்ந்துவிடுவாள். 1200-க்கு 1,100-ஐத் தாண்டினாள். நான் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! திருவாரூர் முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார் என்று சொல்லப்படும் கதையையும் சேர்த்துக்கொள்வேன். ஒரு சிற்றிதழில் கட்டுரையாகவே எழுதினேன். சிறிய வீடு பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்ளக் கற்றுத்தருகிறது, தனி அறையில் வளரும் பிள்ளைகளுக்கு வாய்க்காத நெருக்கம், இப்படியெல்லாம். நல்ல கட்டுரை என்று இரண்டு கடிதங்கள் வந்தன. மகள் படித்துவிட்டு, “நல்லா இருக்குப்பா” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

2019 கோடையில் ஏரிகள் மறுபடி வறண்டன. அதற்குள் பெரியவள் திருமணமாகி பெங்களூரில். மகன் வேலைக்காகப் புனேயில். சின்னவள் கல்லூரி விடுதியில். வீட்டில் நாங்கள் இருவர்தான். இருந்தும் என் மனைவி இன்னும் இரண்டு டிரம் வேண்டும் என்றாள். இடமில்லையே என்றேன். அவள் ரேக்கைக் காட்டி, “இந்தத் தடவை அது போகட்டும்” என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ‘சுபமங்களா’ 1993 தொகுப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு தாள் விழுந்தது. நீள நோட்டுப் புத்தகத்தின் தாள், மகளின் கையெழுத்து. நேரங்கள் எழுதியிருந்தன. படிப்பு அட்டவணை என்றுதான் முதலில் நினைத்தேன்.

காலை 5.10 முதல் 5.35 வரை சமையலறை, அம்மா ஆவின் பூத்துக்குப் போகும் நேரம். மாலை 4.15 முதல் 4.40 வரை அறை, தம்பி விளையாட்டு, தங்கை டியூஷன். இரவு 9.30-க்கு மேல் படி, மூன்றாம் மாடி மாமாவுக்கு நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் மட்டும். மொட்டை மாடி, சாவி கிடைத்தால். சனிக்கிழமைக்கு ஒரே வரி. கடைசியில், ஞாயிறு: இல்லை.

பாடங்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. நான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதை இரண்டு மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டில் எந்த இடம் எப்போது ஆளில்லாமல் இருக்கும் என்று பதினேழு வயதுப் பெண் குறித்து வைத்திருந்த கணக்கு அது. ஞாயிற்றுக்கிழமை ஏன் இல்லை என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன். மறுநாள் டேப்பை எடுத்து அளந்தேன். ரேக், அதன் எதிரே நாற்காலி, கால் நீட்ட இடம்: ஐந்தடிக்கு மூன்றடி. பதினைந்து சதுர அடி. ஒரு பெண் குழந்தைக்கு மேசையும் திரைச்சீலையும் போட அது போதும். இடமில்லை, இடமில்லை என்று இத்தனை வருடம் சொன்ன வீட்டில் அந்த இடம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

அன்று இரவு தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு சிரித்தாள்.

“அதைப் போயா வெச்சிருக்கீங்க? கிழிச்சுப் போட்டுடுங்கப்பா.”

“எதுக்கும்மா அங்க ஒளிச்சு வெச்ச?”

“வீட்ல வேற எதை வெச்சாலும் யாராவது எடுத்துடுவாங்க. அந்த பைண்டு வால்யூமை நீங்களும் தொட மாட்டீங்க.”

இந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. உண்மை. பைண்டு செய்து அடுக்கிய பிறகு அவற்றை நான் பிரித்ததே இல்லை.

படிக்கட்டில் படித்ததைப் பற்றிக் கேட்டேன். “பாதி நாள் படிக்கவேயில்லப்பா. சும்மா உட்கார்ந்திருப்பேன். சில நாள் அழுவேன். குறிப்பா ஒண்ணும் காரணமில்ல. அழறதுக்கு பாத்ரூம்தான் இருந்துச்சு, அங்கயும் ரெண்டு நிமிஷத்துல யாராவது கதவத் தட்டுவீங்க.” என்ன சொல்வதென்று தெரியாமல், மன்னித்துக்கொள் என்றேன். “அய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க. நாங்க நல்லாத்தான் இருந்தோம்” என்றாள். சற்று இடைவெளி விட்டு, “ஆனா எனக்கு ஒரு குழந்தை போதும்ப்பா” என்றும் சொன்னாள். அது என் கேள்விக்கான பதிலா, வேறு பேச்சா என்று நான் கேட்கவில்லை.

மகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு விளங்கவே இல்லை. அவன் நினைவில் அந்த வீடு கிரிக்கெட்டும் கும்மாளமுமாக இருக்கிறது. புனேயில் தனியாகத் தூங்கிப் பழக ஆறு மாதம் ஆயிற்றாம். அண்ணனும் அக்காவும் போன பின் அறை முழுவதும் தனக்கே கிடைத்துவிட்டது என்கிறாள் சின்னவள். ஒரே வீட்டில்தான் மூவரையும் வளர்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வளர்ந்ததோ வெவ்வேறு வீடுகளில் போலிருக்கிறது.

புத்தகங்களில் பாதியை ஒரு கல்லூரி நூலகத்துக்கும் சில நண்பர்களுக்கும் கொடுத்தேன். ரேக்கைப் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் டிரம்கள் வந்தன. மழை பெய்து தண்ணீர் வந்ததும் முதல் வேலையாக அவற்றை அப்புறப்படுத்தினேன். இப்போது அங்கே ஒரு மேசை இருக்கிறது. அதில் உட்கார்ந்து எழுத யாருமில்லை. என் மனைவி மருந்து டப்பாவையும் மின்கட்டண ரசீதுகளையும் வைக்கிறாள். தாளைக் கிழிக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன்.

போன பொங்கலுக்கு மூவரும் வந்திருந்தார்கள். மருமகன், மருமகள், பேத்தி எல்லோருமாக எட்டுப் பேர். மறுபடி நாற்காலிகளை அடுக்கிப் பாய் விரித்தோம். சாசனம் புதிதாக எழுதப்பட்டது. மகனுக்கு மட்டும் அதே வாசற்கதவோரம். நள்ளிரவில் எழுந்தபோது வாசற்கதவு லேசாகத் திறந்திருந்தது. மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பெரியவளின் இடத்தில் போர்வை இல்லை. படியின் திருப்பத்திலிருந்து பொது விளக்கின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகக் கூடத்துத் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு, யார் காலையும் மிதிக்காமல், என் இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டேன்.