கலகெதரயில் கடல் இல்லை

நான் போட் திருத்துகிறவன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கலகெதரயிலிருந்து ஏ10 வீதியைப் பிடித்து, குருநாகல் தாண்டி, வீதி முடியும் வரைக்கும் போனால்தான் புத்தளம், உப்புக்காத்து. பக்கத்தில் இருக்கிற போட் என்றால் கண்டி வாவியில் ஆட்களை ஏத்திச் சுத்திக் காட்டுவதுதான். ஆனாலும் கட்டாரில் ஒரு போட் யார்டில் நாலு வருஷம் நான் பார்த்தது இந்த வேலை. ஸ்டெர்ன் டிரைவைக் கழட்டி, தேய்ஞ்ச கேபிளையும் ஹோஸையும் மாத்தி, திரும்பப் பூட்டுவது.

ஸ்டெர்ன் டிரைவ் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நம்ம நாட்டுச் சின்ன மீன்பிடி வள்ளங்களில் என்ஜின் பின்பக்கம் வெளியே தொங்கும், அது அவுட்போர்ட். பெரிய பலநாள் கலங்களில் என்ஜின் உள்ளே இருக்கும், நீளமான தண்டு ஒன்று அடியால் வெளியே போகும். ஸ்டெர்ன் டிரைவ் இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது. என்ஜின் உள்ளே, கியரும் புரொப்பெல்லரும் வெளியே. 1959இல் வொல்வோ பென்டா கம்பனி அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது, கொஞ்ச நாளில் மெர்குரூஸரும் வந்துவிட்டது. வெளியே இருக்கிற பகுதி இடம் வலம் திரும்பும், மேலே தூக்கும். ஓட்டுகிறவனுக்குச் சுகம்.

சிக்கல் எங்கே என்றால், உள்ளேயும் வெளியேயும் இணைக்க போட்டின் பின்பலகையில் ஓட்டை போடணும். அதுவும் தண்ணிமட்டத்துக்குக் கீழே. என்ஜினின் சுழற்சி, கியர் கேபிள், குளிராக்கும் தண்ணி எல்லாம் அந்த வழியால்தான் போகும். வெளிப்பகுதி அசைவதால் இரும்பால் மூட முடியாது. ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான றப்பர்தான் மூடுகிறது, பெலோஸ் என்று பெயர். கடலுக்கும் போட்டுக்குள் இருக்கிறவர்களுக்கும் நடுவில் அங்கே அந்த றப்பரின் தடிப்பு மட்டும்தான்.

அந்த றப்பர் வெயிலிலும் உப்பிலும் கிழடாகும். சிப்பி ஒட்டினால் அதன் விளிம்பு கீறும். டிரைவைத் தூக்கினபடியே மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் மடிப்பு ஒருபக்கமாக இழுபட்டு, பள்ளத்தில் வெடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, விரலால் மடிப்பை விரிச்சுப் பார்க்கணும். தண்டு போகிற பெரிய பெலோஸ் கிழிந்தால் முதலில் பெயாரிங் துருப்பிடித்து, திருப்பும்போது உறுமும், ஒரு அறிவிப்பாவது கிடைக்கும். கியர் கேபிளின் சின்ன பெலோஸ் ஒரு சத்தமும் போடாது. கட்டி வைத்த போட் இரவோடிரவாகத் தண்ணி குடித்து அமிழ்வது பல நேரம் அதனால்தான்.

கேபிள் வேறு ரகம், அது தொல்லை கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். மெர்குரூஸர் அல்ஃபாவில் கியரிலிருந்து நியூட்ரலுக்கு எடுக்கும்போது இக்னிஷனை ஒரு கணம் நிறுத்த ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு, கியர்ப் பல் பிடியை விடுவதற்கு. கேபிள் இறுகினால் அந்த சுவிட்ச் அமுங்கினபடியே நிற்கும், என்ஜின் செத்துவிடும். அதுவும் சரியாகக் கரைக்கு வரும்போது. வருகிற எல்லாரும் கார்புரேட்டர் பிழை என்றுதான் சொல்வார்கள்! டிரைவை ஃபோர்வர்ட் கியரில் போட்டு, ஆறு நட்டைக் கழட்டி, ரெண்டு பேர் பிடிச்சு இறக்கி வைத்துவிட்டு, கேபிளின் உள்கம்பியைக் கையால் தள்ளிப் பார்த்தால் விஷயம் தெரியும். வழுக்கிப் போகணும். தடக்கினால் மாத்தணும்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கேரளாக்காரர். சேட்டா என்றுதான் கூப்பிடுவோம். டிரைவ் இறங்கின பிறகு கேபிளை மட்டும் மாத்திவிட்டு மூட அவருக்குக் கை வராது. பெலோஸ், தண்ணி ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்துத்தான். செலவில் பெரிய பங்கு இறக்கி ஏத்துகிற கூலிக்கு, றப்பருக்கு இல்லை என்பது அவர் கணக்கு. ஆனால் காசு கொடுக்கிறவர்களுக்கு அது ஆளை ஏய்க்கிற பேச்சாகத்தான் படும். ஒருத்தர் கேபிள் மட்டும் போதும் என்று ஒரே பிடியாக நின்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பிள்ளைகளோடு கடலுக்குப் போகிற மனுசன். யார்டிலும் "கேட்டதை மட்டும் செய்து அனுப்புங்க" என்றார்கள். வேலைச் சீட்டில் 'பரிசோதித்தது' என்ற கட்டத்தில் சேட்டா கையெழுத்துப் போடவில்லை. சம்பளத்தில் கைவைப்பார்கள் என்று எங்களுக்குப் பயம். அவர் வாக்குவாதப்படாமல் அந்த மனுசனைப் போட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், அவருடைய விரலைப் பிடித்து மடிப்புக்குள் வைத்தார். நகம் உள்ளே போனது. அவர் கையை எடுத்து, விரலைப் பார்த்தார். "எல்லாத்தையும் மாத்துங்க" என்றார்.

அண்டைக்கு நாங்கள் கழட்டின தண்ணி ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருந்தது. நீளவாக்கில் வெட்டினால் உள்பட்டை உரிஞ்சு நாக்கு மாதிரித் தொங்குது. என்ஜின் வேகம் கூடக் கூட அந்த நாக்கு வழியை அடைக்கும், தண்ணி வராது, என்ஜின் சூடேறும். எனக்கு ஹோஸ் வெட்டிப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வந்தது.

இப்போது ஊரில் இருக்கிறேன். ஸ்டெர்ன் டிரைவ் ஒன்றும் கண்ணில் படாது, த்ரீவீல்தான். மச்சானுடைய த்ரீவீலில் கிளட்ச் கேபிள் நார் நாராகப் பிரிஞ்சிருந்தது, மாத்தினேன். பிரேக் ஹோஸைத் தொட்டபோது மட்டும், "அது இன்னும் நல்லாத்தானே ஈக்குது, என்னத்துக்கு இப்ப?" என்றான். தினமும் மாவத்தகமப் பக்கம் இறக்கத்தில் ஸ்கூல் பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போகிறவன். நான் ஒன்றும் பேசாமல் ஒருபக்க ஹோஸைக் கழட்டி, பிளேடால் நீளமாக வெட்டி அவன் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மத்தப் பக்கத்துக்கு எவ்வளவு வரும்?" என்றான்.