எத்தனை பேர் கேட்க வேண்டும்?

சிகாகோவின் வடபகுதியில், அறுபது பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் சிறிய ப்ளூஸ் கூடம் ஒன்றில், என் சொந்த ஆம்ப்ளிஃபயருடன் நான் முதல்முறையாக மேடையேறிய இரவு. நான்கு பாடல்கள் வாசித்தோம். அவற்றில் இரண்டில் எனக்குத் தனிவாசிப்பு. கண்களை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்ததாகத்தான் நினைவு. இறங்கிவந்து கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, டிரம்ஸ் வாசித்த பெரியவர் என் தோளில் கைவைத்து மிகுந்த வாஞ்சையோடு கேட்டார், இரண்டாவது பாட்டில் நீ ஏன் வாசிக்கவில்லை என்று.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குக் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் கிட்டார் பழகத் தொடங்கியவன் நான். பத்து ஆண்டுகள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துவிட்டு, ஒருவழியாகத் துணிந்து மேடைக்கு வந்திருந்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை தங்களோடு வாசிக்கலாம் என்று அந்தக் குழுவினர் இடம் கொடுத்திருந்தார்கள். இன்னும் இரண்டு இரவுகள் இப்படியே போனால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதில் தவறும் இருக்காது. எனவே நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த மாதத்தில் எனக்குக் கடையில் பொருள் வாங்கும் காரியமாக மட்டும் இருக்கவில்லை.

அன்று நான் கொண்டுபோயிருந்தது ஐந்து வாட் பெட்டி. ஃபெண்டர் நிறுவனம் 1948 முதல் விற்ற 'சாம்ப்' என்ற மிகச் சிறிய வகையின் மின்சுற்றைப் பின்பற்றி யாரோ கையால் கட்டியது. முன்னால் ஒரு சிறிய வால்வு, பின்னால் சக்திக்கு ஒரே ஒரு வால்வு, எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு திருகு. எரிக் கிளாப்டன் 1970இல் 'லைலா' தொகுப்பைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது இந்த வகைச் சிறு பெட்டியைத்தான் என்று படித்திருந்தேன். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. பதிவுக்கூடத்தில் அந்தப் பெட்டியின் முன்னால் ஒரு மைக் இருந்திருக்கும், பக்கத்திலேயே ஒரு டிரம்மர் நின்று காதைப் பிளந்திருக்க மாட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை.

வாசகர்களில் பலருக்கு வால்வு என்பது தாத்தா வீட்டு ரேடியோவின் பின்பக்கம் மினுங்கிய கண்ணாடிக் குமிழாகவே நினைவிருக்கும். அமெரிக்கர்கள் ட்யூப் என்கிறார்கள். உள்ளே ஓர் இழை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரில் உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவே ஒரு கம்பி வலை. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இந்த மூன்றாவது உறுப்பைச் சேர்த்ததிலிருந்துதான் கதை தொடங்குகிறது. வலையில் தரும் மிகச் சிறிய மின்னசைவு அந்தப் பெரும் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டிவைக்கிறது. 1947இல் டிரான்சிஸ்டர் வந்தபிறகு உலகம் மெல்ல வால்வுகளைக் கைவிட்டது. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை. தன் எல்லையை மீறி உழைக்கச் சொன்னால் டிரான்சிஸ்டர் ஒலியலையின் உச்சியைக் கத்தியால் சீவியதுபோல வெட்டிவிடும். வால்வு அந்த உச்சியைச் சற்று மழுக்கி வளைக்கும். மென்மையாகத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் தொண்டை கட்டிய குரல்போலவும் ஒலிக்கும். விரலின் அழுத்தமே ஒலியின் நிறமாகிவிடுகிறது. ஆனால் இந்த அற்புதம் நிகழ்வது வால்வு தன் சக்தியின் விளிம்பில் இருக்கும்போது மட்டும்தான். சிறிய ஆம்ப்ளிஃபயரைத் தேடுவதன் காரணமும் அதுதான். விளிம்பு பக்கத்தில் இருக்க வேண்டும்.

விளிம்பு யாருக்குப் பக்கத்தில் என்பதுதான் கேள்வி. ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 93 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஐந்து வாட்டில் 100 டெசிபலைத் தொடும். நான் குடியிருப்பது மரத்தளம் போட்ட கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கீழே இரவுப்பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் பகலில் உறங்குவார். ஒருநாள் படியேறி வந்து, உங்கள் இசை மோசமில்லை, ஆனால் ஒரே நான்கு வரியை நாற்பது நிமிடம் வாசிக்கிறீர்கள் என்றார். அன்றிலிருந்து திருகு இரண்டைத் தாண்டியதில்லை. ஆக, வீட்டுக்கு அளவு மீறிய அதே ஐந்து வாட், கூடத்தில் டிரம்மின் அருகே இருந்த இடமே தெரியாமல் போனது.

அடுத்த மாதம் நண்பர் ஒருவரின் 22 வாட் 'டீலக்ஸ் ரிவர்ப்' பெட்டியை இரவல் வாங்கிப் போனேன். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். முதல் தந்தியைத் தொட்டதும் கூடம் முழுவதும் நிரம்பியது. அன்று டிரம்மர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் மகிழ்ச்சியில் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பின்பு இன்னும் கொஞ்சம். இரவு வீடு திரும்பியபிறகு இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மாலை வரை அது நிற்கவில்லை. அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம். நாங்கள் வாசித்தது ஒன்றரை மணி நேரம்.

அந்தக் கோடையில்தான் அப்பா கோவில்பட்டியிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. 1970களில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அதோடு திருமணங்களுக்கும் கோவில் கொடைகளுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவார். மூங்கில் கம்பத்தில் கட்டிய புனல்களுக்குக் கீழே முப்பது வருடங்கள் நின்றதில் அவருக்குச் செவி ஏறக்குறையப் போய்விட்டது. காதில் கருவி வைத்திருக்கிறார். பெண்கள், குழந்தைகளின் குரல் இப்போதும் சரியாகப் பிடிபடுவதில்லை. பேத்தி ஏதாவது சொன்னால் என்னைப் பார்ப்பார். நான் திரும்பச் சொல்ல வேண்டும்.

மேசையில் பரப்பி வைத்திருந்த விலைப்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு படத்தில் விரலை வைத்து, "இது ஈ.எல். எண்பத்து நாலுல்லாய்யா?" என்றார். ஆம், ஈ.எல்.84. ஒரு 15 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் சக்தி வால்வு. இங்கிலாந்தில் 1958இல் வந்த வாக்ஸ் ஏ.சி.15 பெட்டியும், பீட்டில்ஸ் மேடைகளில் ஒலித்த ஏ.சி.30 பெட்டியும் இந்த வால்வில் இயங்கியவைதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதே வால்வைத் தயாரித்தது. டீக்கடை ரேடியோக்களில் கடைசியாக நின்று ஸ்பீக்கரை ஓட்டியது அதுதான் என்றார் அப்பா. கடைக்காரர்கள் இலங்கை வானொலியைத் தெருவுக்கே கேட்கவேண்டுமென்று முழுதாகத் திருப்பி வைப்பார்கள். ரேடியோ கரகரக்கும். உடனே தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வருவார்கள்.

இப்போது நான் விலைகொடுத்துத் தேடுவது அந்தக் கரகரப்பைத்தான் என்று விளக்கினேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல்முறை கேட்கவில்லை, இரண்டாம்முறை நம்பவில்லை. "நான் பூரா காலமும் அதை எடுத்துவிட்டுத்தானய்யா சோறு தின்னேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. என்னைப் படிக்கவைத்தது அந்தக் கரகரப்பு.

பின்பு அவர் தொழில்காரராகிப் பேசினார். மைக் செட் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை வாட் என்றுதான் கேட்பார்களாம். இவர் பதிலுக்கு ஒரே கேள்வி கேட்பாராம், "எத்தனை பேரு கேக்கணும்?" பத்து வீட்டுத் தெருவா, ஊர் முழுக்கவா, பக்கத்து ஊருக்கும் தெரியவேண்டுமா? அதைச் சொல்லிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தானாக முடிவாகிவிடும். "ஒண்ணு சொல்றேன். ஊரு பூரா கேக்கணும்னு சொல்றவன் கல்யாணத்துல, பந்தியில ஒக்காந்திருக்கவன் எந்திரிச்சுப் போயிருவான்."

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டேன். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது மூன்று டெசிபல். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதேசமயம், ஒரு வாட்டில் 93க்குப் பதில் 96 டெசிபல் தரும் ஸ்பீக்கரைப் போட்டாலே வாட்டை இரட்டித்த பலன் கிடைத்துவிடும். பெட்டிகளின் முகப்பில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து மயங்கியவன் ஸ்பீக்கரின் எண்ணைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு வாட், பத்து அங்குல ஸ்பீக்கர் என்றால் 107 டெசிபல் வரை வரும். என் பழைய பெட்டியைவிட ஏழு டெசிபல் கூடுதல். அறுபது பேருக்கு அது போதும். அறுநூறு பேர் என்றால் நான் கவலைப்பட வேண்டியதில்லை, மைக் வைத்து அரங்கின் ஒலியமைப்பில் சேர்த்துவிடுவார்கள். 1943இல் மிசிசிப்பியிலிருந்து இந்த நகரத்துக்கு வந்த மட்டி வாட்டர்ஸ் மின்கிட்டாருக்கு மாறியதும் கூடங்களின் இரைச்சலில் தன் வாத்தியம் கேட்கவில்லை என்பதால்தான். எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதே அவருடைய தேவையாக இருந்தது. கேட்டதற்கு மேல் உள்ளதெல்லாம் என்னுடைய ஆசை.

வீட்டுக்கு எத்தனை பேர்? ஒருவர். அதற்கு விளிம்பு வரை போகிற எந்த வால்வு ஆம்ப்ளிஃபயரும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும் கருவிகள் உண்டு. வாங்கிப் பார்த்தேன். ஒலி குறைந்தது, கூடவே அதன் உடம்பும் மெலிந்தது. கருவியை மட்டும் குறைசொல்ல முடியாது. சத்தம் குறையக் குறைய நம் செவி கீழ்ஸ்தாயியையும் உச்சஸ்தாயியையும் அதிகமாக இழக்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் தெளிவான, அமைதியான ஒலியில் விரலுக்குப் பயிற்சி என்றும், கரகரப்பு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்றும் பிரித்துக்கொண்டேன். பின்னிரவில் ஹெட்ஃபோனும், வால்வைப் போலி செய்யும் ஒரு சிறு டிஜிட்டல் பெட்டியும். கண்ணைக் கட்டிவிட்டால் இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியுமா என்று தெரியாது. பந்தயம் கட்டமாட்டேன்.

கடைசியில் வாங்கியது 'பிரின்ஸ்டன் ரிவர்ப்'. 1964இல் வந்த மாதிரியின் மறுபதிப்பு, பழையதாகக் கிடைத்தது. இரண்டு 6வி6 சக்தி வால்வுகள், எதிரொலிக்கு ஒரு சுருள்வில் தொட்டி, பதினைந்து கிலோ எடை. மாடிப்படி ஏறுகிற என் முழங்காலுக்கும் அந்தக் கணக்கில் ஒரு வாக்கு இருந்தது. கூடத்தில் அதைத் தரையில் வைப்பதில்லை. நாற்காலியில் ஏற்றிச் சற்றே மல்லாத்தி வைக்கிறேன். ஸ்பீக்கரின் உயர்ந்த சுரங்கள் கற்றையாக நேரே பாய்பவை. தரையில் வைத்தால் அவை என் கணுக்காலுக்குப் போகும், காதுக்கு எட்டாது. நான் மேலும் மேலும் திருப்புவேன், முன்வரிசையில் இருப்பவர் காதைப் பொத்துவார். டிரம்மரிடம், எனது தனிவாசிப்பின்போது மட்டும் கொஞ்சம் கையை அடக்கும்படி கேட்டேன். தாராளமாக என்றார். இதை முதல் இரவே கேட்டிருக்கலாம். எந்த விலைப்பட்டியலிலும் அது இல்லாததால் எனக்குத் தோன்றவில்லை. காதில் அடைப்பான் போட்டுக்கொள்கிறேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா அதன் பின்பலகையைக் கழற்றச் சொன்னார். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கலாம் என்று நான் தயங்கினேன். எனக்கா சொல்கிறாய் என்பதுபோல் பார்த்தார். குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது அவருடைய இடதுகை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பழைய ரேடியோக்காரர்களின் பழக்கம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

எதையும் தொடாமல் பலகையை மூடச் சொல்லிவிட்டு, போடு என்றார். இழைகள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கனன்றன. நான் மெதுவாக வாசித்தேன், கீழே உள்ளவர் உறங்கும் நேரம். அப்பாவுக்கு அந்தச் சத்தம் எட்டியிருக்க வாய்ப்பில்லை. கொஞ்ச நேரம் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, வலது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். டிரான்ஸ்ஃபார்மர் சூட்டைப் பார்க்கிறாரா, தந்தியின் அதிர்வைப் பிடிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாசித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.