கணுக்காலைத் திருப்பு

கீரனூரைத் தாண்டி நார்த்தாமலைப் பக்கம் போகும் வழியில் ஒரு கடலைக்கொல்லை. அதன் மூலையில் கல்கட்டுக் கிணறு. தை மாதக் கடைசி ஞாயிறு. மழைத் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை, ஆறு படி இறங்கினால் கால் நனையும். காலை ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ஏழு பிள்ளைகள் கிணற்றுமேட்டில் சாக்கு விரித்துக் குப்புறப் படுத்திருந்தார்கள். நீச்சல் பயிற்சி பார்க்கப் போனவன் நான். முதல் அரைமணி நேரம் யாரும் தண்ணீரில் இறங்கவே இல்லை.

பயிற்சி தருபவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் ‘மாஸ்டர்’. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதே கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர். தவளை நீச்சலின் முறையான வடிவமான பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கைப் படையில் சேர்ந்த பிறகுதான் கற்றாராம். ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் கையில் ஏந்தி, குதிகாலைப் புட்டத்தருகே கொண்டுவந்து, கட்டைவிரல் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, வட்டமாகப் பின்னுக்குத் தள்ளவைத்தார். “இந்தத் திருப்பு வரலைன்னா மத்ததெல்லாம் வீண் சார். தவளை தண்ணியைக் காலாலதான் பிடிக்குது.”

இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. உள்நீச்சலில் அடிவரை போய் மண் அள்ளி வருவார்கள். தவளை நீச்சலும் தெரியும். ஆனால் தானாகப் பழகிய தவளை நீச்சலில் தலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கிறது. ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நீந்தி வந்த பழக்கம். தலை நிமிர்ந்தால் இடுப்பு தாழ்கிறது. இடுப்பு தாழ்ந்தால் தொடை தண்ணீருக்குக் குறுக்கே பலகை போல நிற்கிறது. முழங்கால் இரண்டும் அகல விரிகின்றன. பாதம் திரும்பாததால் தண்ணீர் பிடிபடாமல் நழுவிப்போகிறது. எவ்வளவு வலுவாக உதைத்தாலும் ஆள் நகர்வது கொஞ்சம்தான்.

போட்டியில் உள்ள நான்கு வகை நீச்சலில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான் மெதுவானது. மற்ற மூன்றிலும் கை காற்றின் வழியே முன்னே வரும். இதில் முழங்கையும் காலும் தண்ணீருக்குள்ளேயே திரும்பி வந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு வீச்சிலும் உடம்பு ஒருமுறை பாய்கிறது, முழங்காலை மடக்கும் நொடியில் கிட்டத்தட்ட நின்றே போகிறது. வேகம் வேண்டுமென்றால் அந்த நிற்கும் நொடியைச் சுருக்க வேண்டும். கையைத் தோளுக்குப் பின்னால் இழுக்காமல் மார்புக்கு முன்னாலேயே கூட்டி, உடனே முன்னால் நீட்ட வேண்டும். கை நீண்டு, தலை கைகளுக்கிடையே இறங்கும்போது உதை விழ வேண்டும். அதன் பிறகு உடம்பு ஈட்டி போல வழுக்கிப் போக வேண்டும். இந்த வழுக்கலுக்குத்தான் பிள்ளைகளிடம் பொறுமை இல்லை. சும்மா இருப்பது போலத் தோன்றுவதால் அடுத்த வீச்சை அவசரமாகப் போட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகள் இறங்கும் முன் கொல்லைக்காரர் மோட்டார் கொட்டகைக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்தார். கடைசிப் பிள்ளை கரையேறும்வரை அது அவர் வேட்டி மடியிலேயே இருக்கும். கையில் நீளமான கயிறு, முனையில் காற்றடைத்த டியூப். எழுபதைத் தாண்டியவர், இரண்டு மணி நேரமும் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பேச்சுக் கொடுத்தபோது, “செத்த நேரம் பொறுங்க தம்பி, புள்ளைங்க ஏறட்டும்” என்றார். இந்தப் பயிற்சியில் பாதி வேலை அவருடையது.

கிணற்றின் அகலம் பத்து மீட்டர் இருக்கும். போட்டிக் குளம் 50 மீட்டர் அல்லது 25 மீட்டர். இந்தக் குறையையே மாஸ்டர் பயன்படுத்திக்கொள்கிறார். சுவரை உந்தித் தள்ளியதும் தண்ணீருக்கடியில் கையைத் தொடைவரை இழுக்க விதி ஒருமுறை இடம் தருகிறது. கூடவே கால்களைச் சேர்த்து ஒரே ஒரு டால்ஃபின் உதை. இந்த உதை 2005-இல்தான் விதிக்குள் வந்தது, முந்தைய ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இதே உதையையொட்டி ஜப்பானின் கோசுகே கிடாஜிமாவைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு. நீந்துவதைவிட இந்த உந்தலில்தான் வேகம் அதிகம். பத்து மீட்டருக்கு ஒரு சுவர் என்றால் ஒரு காலையில் அதை நாற்பது முறை பழகலாம். சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒற்றைக் கையால் தொட்டு ஒரு போட்டியில் தகுதி இழந்த பையன் இங்கே இருக்கிறான். அதற்காகவே கல்லில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

வேகப் பயிற்சியும் இந்த அகலத்துக்குப் பொருந்துகிறது. முழு வேகத்தில் ஒரு அகலம், பிறகு மூச்சு சமனாகும்வரை படியில் உட்கார வேண்டும். களைத்த உடம்போடு வேகம் பழகினால் தப்பான வீச்சுதான் உடம்பில் பதியும் என்கிறார் மாஸ்டர். முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு உதை கிடையாது, கை வேலை மட்டும்தான். வளரும் பிள்ளைகளுக்கு இந்த நீச்சலில் முதலில் கெடுவது அந்த மூட்டுதான்.

பிரிட்டனின் ஆடம் பீட்டி 2017-இல் இதே நீச்சலில் 50 மீட்டரை 25.95 விநாடியில் கடந்தார். நம் சந்தீப் செஜ்வால் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இதே தூரத்தில் வெண்கலம் வாங்கினார். இதுவரை ஒலிம்பிக்கில் இல்லாத இந்த 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், 2028 லாஸ் ஏஞ்சலஸில் சேர்கிறது. குறுகிய தூரம் என்பதால் வழுக்கலைக் குறைத்து வீச்சைக் கூட்ட வேண்டும். ஆனால் வழுக்கத் தெரிந்தவர்தான் அதைக் குறைக்க முடியும். முதலில் வழுக்கல், பிறகு வேகம் என்ற அந்த வரிசையை மாஸ்டர் மாற்றுவதில்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. படிப்பலகையில் சாக்கட்டியால் அவள் கணக்கு எழுதியிருந்தது. ஐப்பசியில் ஒரு அகலத்துக்கு எட்டு வீச்சு, 12 விநாடி. அன்று என் கண்முன்னே ஐந்து வீச்சு, 10 விநாடி. குறைவாக அடித்து விரைவாகப் போயிருந்தாள். “கால் இப்போ தண்ணியைப் பிடிக்குது மாஸ்டர்” என்று தண்ணீரிலிருந்தே கத்தினாள். மாஸ்டர் பதில் சொல்லவில்லை; ஸ்டாப்வாட்சை என்னிடம் நீட்டிக் காட்டினார். அவர் கை நடுங்கியது.

மாதம் ஒருமுறை இவர்களைத் திருச்சி அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறார். அங்கேதான் தொடர்ந்து 50 மீட்டர் நீந்திப் பார்க்க முடிகிறது. நகரத்துக் குளங்களில் பயிற்சி தருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முழங்காலை அகட்டி, தலையைத் தூக்கி நீந்தும் ஒரு கிராமத்துப் பிள்ளை உங்கள் குளத்துக்கு வந்தால், இது வராது என்று ஃப்ரீஸ்டைல் பக்கம் தள்ளிவிடாதீர்கள். கரையில் படுக்கவைத்து, அந்தக் கணுக்காலை ஒரு மாதம் திருப்பிப் பாருங்கள்.