அலையேறிய மரங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

கடலைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அலையைப் பார்த்து வளர்ந்தவன் அல்லன். எங்கள் ஊர் மணமேல்குடிப் பக்கம். இலங்கைத் தீவு குறுக்கே நிற்பதாலும் ஆழம் குறைவு என்பதாலும் நம் மாவட்டக் கடல் பெரும்பாலும் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். இராமேசுவரத்தார் இந்தப் பாக் நீரிணைக் கடலைப் ‘பெண் கடல்’ என்றும், மன்னார் வளைகுடாவை ‘ஆண் கடல்’ என்றும் சொல்வார்கள். நான் அலையேறக் கற்றது சென்னைக்குத் தெற்கே, கோவளத்தில், தாய்மாமன் வீட்டில் கழித்த விடுமுறைகளில்தான்.

அலைச்சறுக்கில் கோவளத்து மீனவ இளைஞர்கள் பெயர் பெற்றவர்கள். அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன் பலருக்கு வழிகாட்டினார். 2013இல் அங்கே அலைச்சறுக்கு விழா தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. என் மாமன் மகனும் இந்தப் பித்துப் பிடித்தவர். ஆனால் மச்சானுக்குப் புதுப் பலகையில் நாட்டமில்லை; 9 அடிக்குக் குறையாத, மூக்கு உருண்ட பழைய நெடும்பலகைதான் வேண்டும். யாரோ கழித்துப்போட்ட இரண்டை வாங்கி வைத்திருக்கிறார். வெயிலில் மஞ்சளித்து, உடைந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டவை. ஒட்டுப் போடுவது அவருக்குக் கைவந்த கலை. பலகையின் நுரைக்கட்டைமேல் போர்த்திய கண்ணாடியிழையும் பிசினும், இன்றைய மீன்பிடிப் படகுகளில் உள்ளவைதாமே!

நீளப் பலகையில் என்ன சிறப்பு? குட்டைப் பலகைக்கு அலை செங்குத்தாக எழ வேண்டும். நெடும்பலகையோ மிதப்பு மிகுந்தது. அலை இலேசாகத் தலை தூக்கும்போதே அதைப் பற்றிக்கொண்டு வழுக்கத் தொடங்கிவிடும். முதல் நாள் உப்புநீர் குடித்ததுதான் மிச்சம். பத்தாம் நாள் எழுந்து நின்றேன். அலை என்னைக் கரைவரை சுமந்து வந்தது. மாமா சிரித்தார்: “இதைத்தானடா நாங்க கட்டுமரத்துல தினமும் செஞ்சோம். எங்களுக்கு யாரும் கோப்பை குடுக்கல.”

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. கட்டுமரம் படகே அல்ல. இலேசான கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம். அலை மேலே புரண்டாலும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். நிரம்பி மூழ்க அதில் பள்ளமில்லை. கரை திரும்பியதும் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலர வைப்பார்கள். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இந்தச் சொல் இடம்பெற்றுவிட்டது. 1958இல் நுரையால் அலைப்பலகை செய்யும் முறையை வளர்த்த அமெரிக்கர் ஹோபி ஆல்டர், 1960களின் இறுதியில் இரட்டை உடல் கொண்ட சிறு பாய்மரப் படகு ஒன்றைப் படைத்தார். அவ்வகைப் படகுக்கு உலகம் வழங்கும் பெயர் ‘கேட்டமரான்’. பெயர் நம்முடையது, மரம் எங்கே?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. அதற்காக மீனவரைக் குறை சொல்வது தகாது. கட்டுமரப் பிழைப்பு முதுகை முறிக்கும் பிழைப்பு. மாமாவின் கட்டுமரம் கீற்றுக் கொட்டகையில் கிடக்கிறது. விடுதிக்காரர் ஒருவர் வாசலில் அழகுக்கு நிறுத்த விலை கேட்டிருக்கிறார். மாமா கொடுத்துவிடப் போகிறார். இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணம் வேண்டும். உதவித்தொகையில் படிக்கும் நான் எப்படித் தடுப்பேன்? குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகும் எனக்குத் தெரியாதா, கட்டணத்தின் அருமை?

ஆனால் ஒன்று செய்ய முடிந்தது. டாம் பிளேக் என்ற அமெரிக்கர் 1920களில், ஹவாய்த் தீவுகளின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மரப்பலகைகளைச் செப்பனிட்டார். அவற்றைப் பார்த்து ஒன்று செய்தார். எடை குறையத் துளைகள் இட்டார். அதிலிருந்து உள்ளீடற்ற புதுப்பலகை பிறந்தது. பழையது ஒன்று பத்திரமாக இருந்ததால்தான் புதியது வந்தது.

அதனால் சென்ற விடுமுறையில் அளவு நாடாவும் குறிப்பேடுமாக உட்கார்ந்தேன். நான்கு கட்டைகள், நீளமானது 19 அடி. ஒவ்வொன்றின் சுற்றளவு, அணியத்தின் வளைவு, கயிறு சுற்றும் வரிசை எல்லாவற்றையும் எழுதினேன். “படிச்ச பிள்ளை, இந்தக் கட்டையை அளந்து என்னடா பண்ணப் போற?” என்றார் மாமா. ஆனாலும் முடிச்சு ஒன்றை நான் படத்தில் தவறாகப் போட்டபோது, பென்சிலைப் பிடுங்கி அவரே திருத்தினார். பள்ளியை விட்டபின் அவர் பென்சில் பிடித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் விடியலில் கட்டைகளைப் பிணைத்து என்னை ஏற்றிக்கொண்டார். முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டு, ஓர் அலையில் கரைக்கு வந்தோம். அவர் வயது 58.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஏற்றமோ, கமலையோ, மரக்காலோ மூலையில் கிடக்கலாம். விற்க வேண்டிய நிலை வந்தால் விற்றுவிடுங்கள். அதற்கு முன், அதைக் கையாண்டவர் இருக்கும்போதே, அளந்து எழுதி வையுங்கள். படத்தில் பிழை இருந்தால் அவர்களே திருத்தித் தருவார்கள்.