முக்கொம்பில் ஒரு காலை

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் அரை மணி நேரம் போனால் முக்கொம்பு. குழந்தைகள் பூங்காவுக்கு ஓட, நான் பாலத்தில் நின்று ஆறு பிரிவதைப் பார்த்தேன். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தடுக்காவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிக் கடலில் சேரும், காவிரி மணல்மேடாகும். அதற்காகத்தான் 1836-38இல் ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டினார்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 வெள்ளத்தோடு போயின. டெல்டாவில் சம்பாவுக்கு நாற்று விடும் பருவம் அது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஓடும் நீரிலேயே மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு உடைப்பை அடைத்தார்கள். பிறகு பழைய அணைக்குக் கீழே புதிய கதவணை எழுந்தது. 2021 முதல் ஆறு, அணை, ஏரிப் பணிகளைத் தனி நீர்வளத் துறை பார்க்கிறது.

ஊர் திரும்பியதும் எங்கள் வாய்க்கால் மதகைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். நீங்களும் ஐப்பசி மழைக்கு முன் பாருங்கள். கதவு துருப்பிடித்திருந்தாலோ, கரை அரித்திருந்தாலோ நீர்வளத் துறை அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுங்கள். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தபின் அடைப்பதைவிட இது எளிது.