வாயில்லா ஜீவனுக்கு வந்த நோய்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நாய் என்றவுடன் நம்மவர்க்கு நன்றி நினைவுக்கு வருகிறது. நோய் நினைவுக்கு வருவதில்லை. மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் அன்று மாலையே வைத்தியம் தேடி ஓடுகிறோம். ஆடு இருமினால் அடுத்த சந்தைக்குள் கவலை பிறந்துவிடுகிறது. நாய் இரண்டு நாள் சுருண்டு கிடந்தாலோ, "கிடக்கட்டும், தானே எந்திரிக்கும்" என்று தாண்டிப் போகிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் விலை உண்டு, தெருவில் எடுத்து வந்த குட்டிக்கு விலை ஏது என்பதுதான் இதற்குள் இருக்கும் கணக்கு. நாயின் நன்றியைப் பாடி இந்தக் கணக்கை மறுக்க நான் வரவில்லை. கணக்காகவே பார்த்தாலும் நோய் கண்ட நாயைக் காலத்தே கவனிப்பதுதான் இலாபம் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு சொல்ல வருகிறேன்.

எங்களுக்கு 26 ஆடுகளும் ஒரு நாயும் சொத்து. நாயின் பெயர் மணி. அறுவடை முடிந்த காடுகளில் அப்பா கிடை போடும் இரவுகளில், மணி விழித்திருப்பதால்தான் அவர் சிறிது கண்ணயர முடிகிறது. அந்த ஆடுகளில் இரண்டை விற்றுத்தான் நான் கல்லூரியில் சேரப் பணம் கட்டினோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். என் படிப்பில் மணிக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் தோழியர் சிரிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு ஆவணியில் மணி படுத்துவிட்டது. முதலில் கண்டுகொண்டவர் அம்மா. கஞ்சித் தட்டின் ஓசை கேட்டாலே பாய்ந்து வரும் மணி, அன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் கவிழ்ந்துகொண்டது. மறுநாள் அம்மா இன்னொன்றும் சொன்னார்: "மூத்திரம் கருப்பட்டிக் காப்பி மாதிரிப் போகுது." அப்பாவோ, "நாய்க்கு எதுக்குத் தாயி டாக்டரு? புல்லைத் தின்னு கக்கிட்டுத் தானே சரியாயிரும்" என்றார். நான் மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். நலமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். கருத்த ஈறுள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். மணியின் ஈறு வண்ணான் வெளுத்த வேட்டி போல் இருந்தது. அதன் பிறகு அப்பா மறுக்கவில்லை. டி.வி.எஸ். வண்டியில் அவர் ஓட்ட, அம்மா பின்னால் மணியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நான் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன்.

கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டரம்மா ஊசியை எடுக்கும் முன்னர்க் கேள்விகளைத்தான் எடுத்தார். எத்தனை நாளாகத் தின்னவில்லை? தண்ணீர் குடிக்கிறதா? வாந்தி உண்டா? மூத்திரம் என்ன நிறம்? உண்ணி இருந்ததா? ஐந்துக்கும் பதில் அம்மாவிடமிருந்தே வந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் அம்மாவின் சொல்லை ஒருவர் இப்படி வரி வரியாக எழுதிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

காய்ச்சல் 104.6 டிகிரி இருந்தது. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை, நம்மைவிடக் கூடுதல். ஆகவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. மூக்கு காய்ந்திருப்பதை வைத்தும் சொல்ல முடியாது, தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதே சரி.

பிறகு காது மடலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தது பேபீசியா என்னும் ஒரு செல் உயிரி. ஆய்வகத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்துப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இது எங்கள் வீட்டு நாயின் இரத்தம். உடைந்த சிவப்பணுக்களின் நிறமே அம்மா கண்ட காப்பி நிறம். 1888இல் ருமேனியாவில் விக்டர் பாபெஷ் என்பவர் மாட்டின் இரத்தத்தில் இவ்வகைக் கிருமியைக் கண்டார். அவர் பெயரே இதற்கு வந்தது. மாடுகளுக்கு இதை உண்ணி பரப்புகிறது என்பதை அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் வெளியிட்டார்கள். செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல். கொசுவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே உண்ணி பிடிபட்டுவிட்டது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

உண்ணியைப் பூச்சி என்கிறோம். அது பூச்சியன்று, சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு. நாயுண்ணி ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் பழஞ்சாக்கிலும் ஒளிந்து தோலுரிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் இருப்பதை மட்டும் பிடுங்கினால் வீட்டில் இருப்பது மறுபடி ஏறும். அப்பா திண்ணை வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தார்; மணி படுத்த சாக்குகளைக் கொளுத்தினார். பிடுங்கிய உண்ணியை மண்ணெண்ணெயில் போடலாம். மண்ணெண்ணெயை நாயின் மேலேயே தடவுகிறார்களே, அது கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும்.

ஊசி மருந்தை வெளியே வாங்க வேண்டியிருந்தது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. பதினான்கு நாள் கழித்து இன்னோர் ஊசி. மணி தேறிக் காவலுக்குத் திரும்பும்வரை பதினோர் இரவுகள் அப்பா கிடையில் தனியே கண்விழித்தார். அதில் ஓர் இரவு, விடியும் நேரம் அவர் அயர்ந்த சமயம், ஒரு குட்டியை நரி கொண்டுபோயிற்று. குட்டியின் விலையையும் மருந்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர்தான், நானல்ல.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நாய் படுத்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்பத்தா என்னை 'நாய் டாக்டர்' என்கிறது. நான் மருத்துவம் செய்வதில்லை. பார்த்ததைச் சொல்லி மருந்தகத்துக்கு அனுப்புவதே என் வேலை. குட்டிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலில் இது மிகவும் அவசரம். பார்வோ என்னும் இந்த வைரஸ் 1978 வாக்கில் உலகெங்கும் பரவியது. வாந்தியும் நாற்றமெடுத்த கழிச்சலுமாக நீர் வற்றியே குட்டி சாகிறது. முதுகுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது உடனே படியாமல் கூடாரம்போல் நிற்கும். சலைன் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. வைரஸ் மண்ணில் பல மாதங்கள் இருக்கும். செத்த குட்டி கிடந்த இடத்தில் உடனே புதுக் குட்டியைக் கட்டுவது அதையும் கொடுப்பதற்குச் சமம். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை இடைவெளிவிட்டுப் போட வேண்டும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை இரக்கப்பட்டு நாய்க்குக் கொடுப்பதும் வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் அவை கெடுக்கும்.

சொறி, குடற்புழு இவற்றுக்கெல்லாம் அவகாசம் உண்டு. வெறிநோய்க்கு இல்லை. வெறி என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஊமை வெறி என்றும் ஒன்று உண்டு. நாய் இருட்டில் ஒதுங்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று அன்போடு வாய்க்குள் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாயின் வாயில் கை வைக்கவே கூடாது. கடியோ கீறலோ பட்டால், எச்சில் புண்ணில் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை எதுவும் கூடாது. நோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. அதற்கு முன் போட்டுக்கொண்டால் ஊசி காக்கும். நாய்க்கு மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று.

வெறிநோய்க்கு முதன்முதல் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895 செப்டம்பர் 28இல் மறைந்தார். அந்த நாளே உலக வெறிநோய்த் தடுப்பு நாள். அதையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடப்பதுண்டு. எங்கள் தெருவில் மணியோடு ஏழு நாய்கள். ஐந்தைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடலாம் என்கிறார் அப்பா. மற்ற இரண்டும் அம்மா கூப்பிட்டால்தான் வரும்.